நீ தட்டாமல் திரும்பிய கதவு

கண்ணு,

போன வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனோமே, அன்றைக்கு நம்மிடம் வேலை பார்த்த முத்துலட்சுமி வீட்டுச் சந்துக்குள் கார் போகாது என்று என்னை முனையிலேயே உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் இறங்கினாய். "முட்டி வலியோட எங்க நடக்கறீங்க, நான் வெச்சுட்டு வந்தர்றேனுங்ம்மா" என்றாய். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. கார்க் கண்ணாடியை இறக்கி நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீலப் பெயிண்ட் அடித்த கதவு. வாசலில் அப்போதுதான் பிழிந்து போட்ட துணி, நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது எனக்கே கேட்டது என்றால், கதவுக்கு முன்னால் நின்ற உனக்குக் கேட்காமலா இருந்திருக்கும். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை ஓங்கினாய். கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஊடு பூட்டியிருக்குதுங்ம்மா" என்றாய். நான் "சரி சாமி" என்றேன். அந்தத் தட்டை வீடு வரைக்கும் என் மடியில்தான் வைத்திருந்தேன்.

இதை நேரில் கேட்டால் நீ "விடுங்ம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். நம் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நம் பனியன் கம்பெனியும் ஓடவில்லை, பக்கத்து நிட்டிங் கம்பெனியும் ஓடவில்லை. இந்த ஊரில் வாரத்தில் இந்த ஒரு நாள்தான் காதுக்கு ஓய்வு, எனக்கோ இந்த ஒரு நாள்தான் பயம். மற்ற நாளில் மெஷின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். எழுதி முடித்ததும் இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் மேஜை மேல் விரித்து வைப்பேன். உங்கப்பா படித்தாலும் படிக்கட்டும், வரப்போகிற பெண் பின்னால் ஒரு நாள் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும்.

பெண் வீட்டார் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் உன்னைப் பற்றி விசாரித்த கதை உனக்குத் தெரியுமே. நம் தெருமுனை பேக்கரியில் டீ குடிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நம் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி கொடுக்கிறவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவிநாசிக் கோயிலில் பூக்கடைக்காரம்மாவைக் கூட விடவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், தங்கமான குணம். அதைக் கேட்டு உங்கப்பாவுக்கு ஒரு சுற்று சதை போட்டுவிட்டது. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பெற்றவளிடம் யார் போய்க் குணம் விசாரிப்பார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். "தெரியாதுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். உன்னைப் பெற்று வளர்த்த எனக்கு, உன்னை இரண்டு பேராகத் தெரியும்.

ஒருத்தனைத் தாராபுரத்தில் பார்த்தேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு உன் மாமன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சின்ன வெங்காயம் பிடுங்கிக் காயப்போட்டிருந்த நேரம். நீ விளையாட்டாக மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய்விட்டாய். காயப்போட்ட வெங்காயம் முழுக்கத் தண்ணீரில் மிதந்தது. மாமன் வந்து பார்த்துவிட்டுத் தோட்டத்து ஆள்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "எவன் மோட்டாரப் போட்டது?" என்று கத்தினார். உன்னை யாரும் பார்க்கவில்லை. உன்மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. நீ என் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். என் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தாய். ஆனாலும் நீ முன்னால் போய், "நாந்தானுங்க மாமா" என்றாய். உன் அரைக்கால்சட்டை நனைந்துவிட்டது, அத்தனை பயம். மாமன் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வெங்காயம் போனாப் போகுது போடா" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் பிறகு நீ வாங்கிய எந்த மார்க்குக்கும் வரவில்லை. பயப்படாதவன் உண்மை சொல்வதில் என்ன இருக்கிறது. பயத்தில் மூத்திரம் போகிற பிள்ளை முன்னால் வந்து நின்றானே என்றுதான் இருந்தது.

இன்னொருத்தனை நம் கம்பெனி முற்றத்தில் பார்த்தேன்.

வெளிநாட்டு ஆர்டர் பிடித்த பிறகு நமக்கு ஆடிட் வர ஆரம்பித்தது. தீப்பிடித்தால் ஆள்களை எப்படி வெளியேற்றுகிறோம் என்று காட்ட ஒத்திகை வேண்டும், அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். நீ காலேஜ் முடித்துவிட்டு வந்திருந்தாய், உன்னையே அதற்குப் பொறுப்பாகப் போட்டார் உங்கப்பா. ஆரஞ்சு கலர் கோட்டு, விசில், கை மைக். விசில் அடித்ததும் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு வரிசையாக வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். கடைசி ஆள் நீதான். பின் நடையில் இருக்கிற கழிப்பறை, லேபிள் அறை எல்லாவற்றையும் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, மைக்கில் "எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் நீ பின்னால் போனால் போட்டோவில் எப்படி விழுவாய். கேமராக்காரர் உன்னை முதலிலேயே மரத்தடியில் நிறுத்திவிடுவார். ஆள்கள் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள், நீ உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் "எல்லாரும் வந்தாச்சு" என்பாய், பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், டீ வரும். ஒவ்வொரு தடவையும் இதேதான். அந்தப் போட்டோவில் ஒன்று இன்னும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. முன் வரிசையில் நானும் நிற்கிறேன். எனக்கு இரண்டு பேர் தள்ளி முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அதைக் கடந்து போகாமல் ஆபீசுக்குள் நுழைய வழி இல்லை.

அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே பிடித்தது. பின்பக்கம் கட்டிங் வேஸ்ட் மூட்டை போடுகிற அறையில் ஒயர் பொசுங்கி, துணித்துண்டு புகைய ஆரம்பித்தது. நீ விசில் அடித்தாய். ஆள்கள் பதறவே இல்லை. ஒத்திகை என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, வரிசையாகப் போய் மரத்தடியில் நின்றார்கள். "கேமராக்காரர் வரலையாக்கா?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நான் செக்கிங் டேபிளில் கிடந்த என் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசியாக எழுந்தேன். அப்போது உன்னைப் பார்த்தேன். நீ பின் நடைக் கதவுக்குத்தான் போனாய். போனாய் கண்ணு, அதை நான் மறுக்கவே மாட்டேன். கதவைத் திறந்தாய். கரும்புகை உன் முகத்தில் அடித்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாய். ஒரு குரல் கொடுக்கவில்லை, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றதை நீ கவனிக்கவில்லை.

ஓடியதற்கு உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. புகையைக் கண்டால் உடம்பு தானாகத் திரும்பும். நானாக இருந்தால் கதவு வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன். பயந்தது தப்பில்லை என்பதை இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் மறக்காதே.

முற்றத்துக்கு வந்ததும் உங்கப்பா கேட்டார், "எல்லாரும் வந்தாச்சாப்பா?" நீ மைக்கைக்கூட வாயில் வைக்கவில்லை. "வந்தாச்சுங்கப்பா" என்றாய். எத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அது பயத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் நின்றால் அதைச் சொல்ல வேண்டும் என்று உன் வாயை நாங்களே பழக்கியிருந்தோம், கூட நின்று சிரித்தும் இருந்தோம். அதனால் அந்த நிமிஷத்தையும் நான் உன் கணக்கில் முழுசாக எழுதமாட்டேன்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டப், டப், டப் என்று ஒரே மாதிரி. "கம்ப்ரசர் ஓடிட்டே கெடக்குது, மெயின யாராச்சும் ஆஃப் பண்ணுங்கப்பா" என்றார் உங்கப்பா. எலக்ட்ரீசியன் ஓடிப்போய் மெயினை இறக்கினான். ஃபேன் எல்லாம் நின்றது. கம்ப்ரசரும் நின்றது. அந்தச் சத்தம் நிற்கவில்லை. டப், டப். கொஞ்சம் விட்டு, டப். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அந்தப் பின் நடைக் கதவு நிலை கோணிப்போனது, சாத்தினால் வெளியே இருந்து தோளால் இடித்தால்தான் திறக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் தீயணைப்பு வண்டி கத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், வாயைத் திறப்பதற்குள் என்று. வாய் திறக்க ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும். திறந்தால் என் பிள்ளை சொன்னது பொய்யென்று நானே சொன்னதாக ஆகும். அந்தக் கணக்கைத்தான் நான் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கும்போது.

முத்துலட்சுமியைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. உங்கப்பா அவளைக் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார், கூடவே நின்றார், அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அன்றைக்கே சாயங்காலம் எல்லோரும் கூடிநின்று எப்படி இது ஆச்சு என்று பேசியபோது நீ சொன்னாய், "நான் உள்ள போய்ப் பாத்தேனுங்க, யாரும் இல்லைங்க. போனை எடுக்கத் திரும்பிப் போயிருப்பாங்களாட்டருக்குது." யாரும் உன்னை மிரட்டவில்லை. புகை இல்லை, நெருப்பு இல்லை. கையில் டீ டம்ளர் இருந்தது. வெங்காயத் தோட்டத்துப் பிள்ளையை நான் அந்த இடத்தில்தான் தொலைத்தேன். இக்கட்டில் என்ன செய்கிறான் என்பதை வைத்து ஒருத்தன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இக்கட்டில் உடம்புதான் முந்திக்கொள்கிறது. இக்கட்டு தீர்ந்த பிறகு, ஆற அமர உட்கார்ந்து, நடந்ததை ஒருத்தன் எப்படிச் சொல்கிறான் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரியும்.

நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியது. போனுக்காக நெருப்புக்குள் போனவள் என்று அவளுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். அவள் புருஷனே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு இவளுக்குப் போனுதான் பெருசாப் போச்சு பாருங்கக்கா" என்று என்னிடம் சொல்லி அழுதான். பிழைப்புக்காக சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம், இங்கே அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்.

அவளுக்குப் பேச்சு வந்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். குரல் முழுக்க உடைந்து, காகிதம் உரசுவது போல இருந்தது. "அக்கா, நான் போனுக்குப் போகலக்கா. லேபிள் எடுக்கத்தான் போனேன். விசில் கேட்டப்ப உள்ளதான் இருந்தேன், வர்றதுக்குள்ள புகை சூழ்ந்துருச்சு. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சுக்கா. யாருக்கா சாத்துனா?" என்று கேட்டாள். நான் அவள் வாயில் விரலை வைத்து, "பேசாத சாமி, தொண்டை வலிக்கும்" என்றேன். எத்தனை பாசமாகச் சொன்னேன் தெரியுமா. அவள் என் விரலை விலக்கினாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இப்போது வேறு கம்பெனியில் தைத்த துணியில் பிசிறு வெட்டுகிறாள். அங்கேயும் அந்தப் பேர்தான். போனை வெளியே வைத்தால் சிரிப்பார்கள் என்று பையிலேயே வைத்திருப்பாள் என்று அவளோடு வேலை செய்கிற பெண் சொன்னாள்.

நான் இந்தப் பாரத்தோடேயே கண்ணை மூடியிருப்பேன். நீயும் மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது உனக்கு உப்புச்சர்க்கரை மாற்றிய அன்றைக்கு நடந்தது. நிச்சயம் முடிந்து பெண் வீட்டிலிருந்து எல்லோரும் வேனில் ஏறிவிட்டோம். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று டிரைவர் சும்மாதான் கேட்டார். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நீ இறங்கினாய். மாப்பிள்ளை வேட்டியும் துண்டுமாகத் திரும்ப அந்த வீட்டுக்குள் போய், சமையல்கட்டு, குளியலறை, மாடி எல்லாக் கதவையும் திறந்து பார்த்துவிட்டு வந்தாய். பிறகு ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணினாய். வழியனுப்ப நின்ற பெண்ணின் சித்தி, "மாப்பிள்ளைக்கு எங்க ஊட்டை விட்டுப் போக மனசே இல்லியாட்டருக்குதுங்க" என்று கிண்டல் செய்ய எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "எவ்வளவு பொறுப்புங்க உங்க பையன்" என்றார். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அந்தக் கதவை இழுத்துச் சாத்திய கை. உனக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னால் நீ நம்பமாட்டாய், எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. தொலைந்துபோனவன் முழுசாகத் தொலையவில்லை.

ஆனால் கண்ணு, ஊர் முழுக்கக் கதவு கதவாகத் திறந்து பார்த்தாலும் அது அடங்காது. நீ திறக்க வேண்டியது ஒரே ஒரு கதவு. கல்யாணம் முடிந்து கம்பெனியை உன் கையில் கொடுக்கப் போகிறார் உங்கப்பா. அந்தப் பெண் உன்னை நம்பித் தாராபுரத்திலிருந்து வருகிறாள். ஒரு பொய்யை உள்ளே பூட்டிவைத்திருக்கிற வீட்டில் மற்றவர்கள் எப்படி வாழ வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். உங்கப்பா டீ டம்ளரை மேஜையில் தட்டி வைத்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உன் பெண்டாட்டிக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது பயந்துகொண்டே உன் முன்னால் வந்து "நாந்தாங்கப்பா" என்று நிற்கும்போது அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள உனக்குத் தெம்பு வேண்டும்.

அந்தத் தட்டு சாமி அறையில் அப்படியே இருக்கிறது. வாடின வெற்றிலையை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறேன். ஆளை விட்டுக் கொடுத்தனுப்பாதே, நானும் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். இந்த முறை என்னைக் காரில் உட்கார வைக்காதே. முட்டி வலித்தால் வலிக்கட்டும், உன் பின்னாலேயே நடந்து வருவேன், ஆஸ்பத்திரியில் அவள் வாயில் விரல் வைத்தவள் நான். அவளிடம் பத்திரிகையை நீட்டுவதற்கு முன்னால், "நீங்க போனுக்குத் திரும்பிப் போகலீங்க, நாந்தான் உள்ள பாக்கலீங்க" என்று சொல். அதே வார்த்தையை அவள் புருஷனுக்குக் கேட்கிற மாதிரி சொல். திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி, அந்த மைக்கிலேயே சொல். பேர் கெடும். ஆர்டர்கூடப் போகலாம். சம்பந்தம் நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது, நிலைத்தால் நல்ல இடம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் மன்னிப்பாள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. கதவையே திறக்காமல் போகலாம். உள்ளே குக்கர் விசில் அடிக்கும், ஆள் நடமாட்டம் கேட்கும், ஆனாலும் திறக்கமாட்டாள். அப்போது பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடாதே. தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி தட்டு. நாம் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் எவ்வளவு நேரம் தட்டினாளோ, அவ்வளவு நேரமாவது அங்கே நின்று தட்டு சாமி.

உன் அம்மா